நனைந்த சுவர் காய வழி வேண்டும்

அமெரிக்காவின் சியாட்டிலில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சுமார் 950 மில்லிமீட்டர். சென்னையில் சுமார் 1400. அளவை மட்டும் பார்த்தால் ஊறிப்போக வேண்டியவை சென்னை வீடுகள்தான். ஆனால் சென்னை மழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும், பின்னாலேயே வெயில் வந்துவிடும். சியாட்டிலில் அந்த 950 மில்லிமீட்டரும் சுமார் 150 நாட்களில் பிரிந்து, பெரும்பாலும் தூறலாக, அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் தாண்டியும் விழுகிறது. நனைந்த பலகை காய்வதற்குள் அடுத்த தூறல் வந்துவிடும். போதாததற்கு, அங்கே வீடுகளே மரத்தால் ஆனவை.

சியாட்டில், போர்ட்லாண்ட், கனடாப் பக்கம் வான்கூவர் என்று அந்தப் பசிபிக் கரையோரம் முழுக்க வீட்டுக்காரர்களின் தீராத தலைவலி சைடிங். வீட்டின் வெளிச்சுவரை மூடியிருக்கும் பலகைகளுக்குத்தான் அந்தப் பெயர். வெளியே பார்த்தால் பெயின்ட் நன்றாகவே இருக்கும். ஜன்னலின் கீழ் மூலையில் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால், எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போகும். அந்த ஒரு பலகையை மட்டும் கழற்றி மாற்றிவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். சில ஆண்டுகளில் அதே இடத்தில் புதுப் பலகையும் இற்றுப்போகிறது. காரணம் பலகையில் இல்லை என்பதால்தான் இப்படி ஆகிறது.

முதலில் மரம் எப்படி இற்றுப்போகிறது என்று பார்ப்போம். தண்ணீர் மரத்தை நேரடியாகக் கரைப்பதில்லை. அழிப்பது பூஞ்சை. அதன் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன, தடுக்கவே முடியாது. அதற்கு வேண்டியவை நான்கு: உணவு, காற்று, மிதமான வெப்பம், ஈரம். உணவு மரமே. காற்றை நிறுத்த முடியாது. வெப்பத்தை வீடே தருகிறது. நம் கைக்குள் இருப்பது ஈரம் ஒன்றுதான்.

எவ்வளவு ஈரம்? மரத்தின் செல் சுவர்கள் முதலில் தண்ணீரைத் தமக்குள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் 30 சதவீதம் தண்ணீர் சேரும்போது செல் சுவர்கள் நிறைந்துவிடும். அதற்கு மேல் வரும் தண்ணீர், செல்களின் உள்ளே இருக்கும் வெற்றிடங்களில் தேங்கும். பூஞ்சை முளைத்துப் பரவ இந்தத் தேங்கிய தண்ணீர் வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே மரத்தை வைத்திருந்தால் அது பத்திரம் என்பது கட்டுமானத் துறையின் நடைமுறை விதி. சியாட்டிலின் குளிர்கால ஈரக்காற்றில் மழை படாமல் வெளியே கிடக்கும் பலகைகூட 16 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். ஆக, காற்றின் ஈரப்பதம் மட்டும் பலகையை இற்றுப்போகச் செய்துவிடாது. இற்றுப்போன பலகையைப் பார்த்தால், அங்கே எங்கிருந்தோ தண்ணீர் தண்ணீராகவே வந்திருக்கிறது என்று பொருள்.

இந்த ஊசியிலை மரப் பலகைகளை அதிகம் அழிப்பது பழுப்பு அழுகல் எனப்படும் வகை. அது வேலை செய்யும் விதம் வியப்பானது. மரத்தின் நாரான செல்லுலோஸை உடைக்கும் நொதிகள் செல் சுவரின் நுண்துளைகளுக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியவை. அதனால் பூஞ்சை முதலில் சின்னஞ்சிறு மூலக்கூறுகளை உள்ளே அனுப்புகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பு அயனியும் அங்கே சந்தித்து, எதையும் வெட்டிப் போடக்கூடிய ஹைட்ராக்சில் மூலக்கூறுத் துண்டு உருவாகிறது. அது செல்லுலோஸின் நீண்ட சங்கிலிகளைத் துண்டு துண்டாக்கிய பிறகுதான் பூஞ்சை சாவகாசமாகச் சாப்பிட வருகிறது. அதனால்தான் மரத்தின் எடை பத்தில் ஒரு பங்கு குறைவதற்குள்ளாகவே வலிமை பாதிக்கு மேல் போய்விடுகிறது. கண்ணுக்குப் பலகை முழுசாகத் தெரியும், கைக்குத்தான் தெரியும் உள்ளே ஒன்றுமில்லை என்று. மரத்துக்கு விறைப்பு தரும் லிக்னினைப் பூஞ்சை பெரும்பாலும் விட்டுவிடுவதால், மிச்சம் பழுப்பு நிறத்தில், கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் தூளாகும்.

குளிர்காலத்தில் பூஞ்சை மந்தமாகத்தான் இருக்கும். மழைக்காலம் முழுக்க ஊறிய சுவர், வசந்த காலத்தில் வெயில் பட்டுச் சூடேறும்போதும் உள்ளே ஈரம் காயாமல் இருந்தால், அப்போதுதான் அதற்கு விருந்து. எவ்வளவு நனைந்தது என்பதைவிட எவ்வளவு நாள் நனைந்தே கிடந்தது என்பதே கணக்கு. என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான்.

பழைய வீடுகள் இதற்குச் சாட்சி. 1920களில் கட்டிய சியாட்டில் வீடுகள் பலவற்றில் சைடிங் இன்னும் உறுதியாக இருக்கிறது. அவற்றில் மழை புகவில்லை என்று நினைக்க வேண்டாம், நிறையவே புகுந்தது. ஆனால் சுவருக்குள் வெப்பக்காப்புப் பஞ்சு கிடையாது. கணப்பின் சூடு சுவர் வழியாக வெளியே கசிந்து, பலகையைப் பின்னாலிருந்து காயவைத்துக்கொண்டே இருந்தது. மரமும் வேறு. பெருங்காட்டில் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்த செஞ்சிடார், வைரம் பாய்ந்த கட்டை. அந்த வைரப் பகுதியில் துஜாப்ளிசின் என்னும் இயற்கைப் பூஞ்சைக்கொல்லி ஊறிக் கிடந்தது. அதோடு கூரை, சுவருக்கு வெளியே நன்றாக நீண்டு இறவாரமாக நின்றது.

1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருளை மிச்சப்படுத்தச் சுவருக்குள் பஞ்சை நிரப்பினார்கள், காற்றுக் கசியாதபடி அடைத்தார்கள். சரியான காரியம்தான். ஆனால் சுவரைக் காயவைத்த சூடும் காற்றும் அதோடு நின்றன. பழைய சுவர் தாங்கிய அதே கசிவைப் புதிய சுவரால் தாங்க முடியவில்லை.

இதன் மோசமான விளைவைப் பார்த்தது வான்கூவர். 1980களிலும் 90களின் முதல் பாதியிலும் அங்கே எழுந்த அடுக்குமாடி வீடுகள் பல, கலிபோர்னியாவின் வெயிலுக்குப் பொருந்தும் பாணியில் கட்டப்பட்டவை. இறவாரம் இல்லை. சிமெண்ட் பூச்சு, இடைவெளி இல்லாமல் நேராக நீர்த்தடைத் தாளின் மேல். பல்லாயிரம் வீடுகளின் சுவர்கள் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போயின. சேமிப்பெல்லாம் போட்டு வாங்கிய வீட்டுக்கு, வாங்கிய விலைக்கு நிகராகப் பழுதுச் செலவு வந்து நின்ற குடும்பங்கள் உண்டு. மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் 1998இல் ஒரு விசாரணை ஆணையமே அமைக்கப்பட்டது. அதற்கு முன் நடந்த ஆய்வில் தெரிந்தவை இரண்டு. தண்ணீர் பெரும்பாலும் சுவரின் நடுப்பரப்பு வழியாக வரவில்லை, ஜன்னல், பால்கனி, கைப்பிடிச் சுவர் என்று ஒன்றோடு ஒன்று சேரும் இடங்களில்தான் புகுந்தது. அப்புறம், இறவாரம் எவ்வளவு அகலமோ அவ்வளவு பிரச்சினை குறைவு.

பலகையின் முகப்பில் பட்ட மழை எப்படி உள்ளே வருகிறது? கீழ்நோக்கி வழிவது ஒன்று. காற்று சுவரில் மோதும்போது வெளியே அழுத்தம் கூடி, உள்ளே குறைந்து, இடுக்கு வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்படுவது இன்னொன்று. மூன்றாவதுதான் யாரும் எதிர்பார்க்காதது. ஒன்றின்மேல் ஒன்று படிந்த இரண்டு பலகைகளுக்கு நடுவே காகிதம் நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும், நுண்புழை ஈர்ப்பால் தண்ணீர் மேல்நோக்கியே ஏறும். பலகையின் வெட்டு முனையும் அப்படித்தான். மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோன குழாய்கள் அங்கே வாய் திறந்து நிற்கின்றன. பக்கவாட்டில் உறிஞ்சுவதைவிடப் பல மடங்கு வேகமாக முனை உறிஞ்சும். இற்றுப்போதல் பெரும்பாலும் பலகையின் முனைகளில், மூட்டுகளில் தொடங்குவது இதனால்தான்.

எந்தச் சைடிங்கும் மழையை முழுமையாகத் தடுக்காது என்பதை ஏற்றுக்கொண்டால்தான் நல்ல சுவர் கட்ட முடியும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1963இலேயே இதைத் தெளிவாக எழுதி வெளியிட்டது. வெளிப்பலகை மழையின் வேகத்தை வாங்கிக்கொள்ளட்டும், அதற்குப் பின்னால் ஒரு காற்று இடைவெளி இருக்கட்டும், அதற்கும் பின்னால் நீர்த்தடைத் தாள் இருக்கட்டும். புகுந்த தண்ணீர் இடைவெளியில் கீழே வடியும், மேலும் கீழும் திறந்திருப்பதால் காற்று ஓடி மிச்ச ஈரத்தைக் காயவைக்கும். மழைத்திரை என்று இதைச் சொல்கிறார்கள். வான்கூவர் நகரம் 1996இல் இதைக் கட்டாயமாக்கியது. 10 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அறிவு இருந்தும் முப்பது ஆண்டுகள் அதைக் கட்டடங்களில் கொண்டுவராமல் விட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

சரி, பழுதுபார்க்கும் வேலைக்கு வருவோம். சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்திலும் பக்கத்து ஓரிகனிலும் ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை மழை மிகக் குறைவு. வேலை அப்போதுதான். 1978க்கு முன் கட்டிய வீடென்றால் பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, சோதிக்காமல் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. சிமெண்ட் ஓடு போன்ற பழைய சைடிங் இருந்தால் அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும், அதற்குப் பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுவதே நல்லது.

எங்கே குத்திப் பார்ப்பது? ஜன்னலின் கீழ் மூலைகள், மாடித் தளம் சுவரில் பொருத்தப்பட்ட வரிசை, மண்ணுக்கு அருகே இருக்கும் கடைசிப் பலகை. இன்னொரு இடத்தையும் விட்டுவிடக் கூடாது: கீழ்க்கூரையின் சரிவு சுவரை ஒட்டி இறங்கி முடியும் முனை. கூரைத் தண்ணீர் மொத்தமும் அங்கே சுவருக்குள் போகும். அதை வெளியே தள்ளிவிட வளைந்த ஒரு சின்னத் தகடு போதும், பல வீடுகளில் அது இருக்காது. ஊசி முனை ஈரமானி ஒன்று வாங்கிக்கொண்டால் பலகையைக் கழற்றாமலே ஓரளவு தெரிந்துவிடும்.

கழற்றும்போது மேல் பலகையை மெதுவாக நெம்பி, அதன் ஆணியைத் தளர்த்தி, கீழ்ப் பலகையை உருவ வேண்டும். வராத ஆணியை இடுக்கில் ரம்ப அலகு விட்டு அறுத்துவிடலாம். பின்னால் இருக்கும் தாளைப் பாருங்கள், கிழிசலையும் கறையின் தடத்தையும் மேல்நோக்கித் தொடருங்கள். இற்றுப்போன இடம் கீழே இருக்கும், தண்ணீர் புகுந்த இடம் ஒரு மாடி மேலேகூட இருக்கலாம். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் எதையும் மூடாதீர்கள்.

உள்பலகையான பிளைவுட்டும் மெத்தென்று இருந்தால், அதை நல்ல மரம் வரும்வரை, இரு பக்கமும் நிற்கும் சட்டத்தின் நடுக்கோடு வரை, அறுத்தெடுக்க வேண்டும். பூஞ்சை இழைகள் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டியும் போயிருக்கும், அதனால் கொஞ்சம் தள்ளியே அறுப்பது நல்லது. சட்டமே கெட்டிருந்தால் பக்கத்தில் புதுச் சட்டம் சேர்க்க வேண்டும், பாரம் தாங்கும் சுவரென்றால் முதலில் முட்டுக்கொடுத்துவிட்டு. மிச்ச மரத்தில் போரேட் என்னும் போரான் உப்பின் கரைசலைப் பூசலாம். அது ஈரத்தோடு உள்ளே பரவிப் பூஞ்சையைத் தடுக்கும். ஈரமானி 19 சதவீதத்துக்குக் கீழே காட்டும்வரை அவசரப்பட்டு மூடக் கூடாது. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் புது பிளைவுட்டைப் பூஞ்சைக்குத் தீனியாகக் கொடுத்ததுதான்.

பிறகு தாள். ஓலை வேய்வதுபோல, கீழிருந்து தொடங்கி, மேல் வரிசை கீழ் வரிசையின்மேல் படிய வேண்டும். ஒட்டுப்போடும்போது புதுத் தாளின் மேல் விளிம்பைப் பழைய தாளுக்கு அடியில் செருக வேண்டும். மேலே ஒட்டினால் வழிந்துவரும் தண்ணீர் நேராகப் பின்னால் போகும். ஜன்னலின் அடியில் வெளிப்பக்கம் சாய்ந்த ஒரு நீர்த்தட்டு, பக்கங்களில் ஒட்டு நாடா, மேலே தகடு. ஜன்னலின் கீழ் விளிம்பை மட்டும் ஒட்டாமல் விட வேண்டும். புகுந்த தண்ணீர் வெளியேற அது ஒன்றுதான் வாசல்.

பெரும்பாலான தவறுகள் காக் எனப்படும் அடைப்புப் பசையால்தான் வருகின்றன. இடுக்கைப் பார்த்தவுடன் அடைக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் பலகைகளின் கீழ் விளிம்பை அடைத்தால், வேறெங்கோ புகுந்த தண்ணீர் உள்ளேயே சிறைப்படும். பசை சில ஆண்டுகளில் ஒரு பக்கம் விட்டுப்போய், மழையை உள்ளே விடும், காற்றை விடாது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் பசையை நம்பக் கூடாது.

புதுப் பலகையை அடிக்கும் முன் முகப்பு, முதுகு, விளிம்பு, முனை என்று எல்லாப் பக்கமும் பிரைமர் பூச வேண்டும். தளத்தில் அறுக்கும் ஒவ்வொரு முனைக்கும் மறுபடியும். தாளின் மேல் நெடுக்காக மெல்லிய பட்டைகளை அடித்து, பலகையை அதன்மேல் பொருத்தினால் மழைத்திரை தயார். கீழ்த் திறப்பில் பூச்சி வலை வைக்கலாம். மண்ணிலிருந்து குறைந்தது 6 அங்குலம், கான்கிரீட் தரையிலிருந்தும் கூரைப் பரப்பிலிருந்தும் 2 அங்குலம் விட்டுத்தான் பலகை தொடங்க வேண்டும்.

மரத்துக்குப் பதில் ஃபைபர் சிமெண்ட், அதாவது சிமெண்டும் நாரும் கலந்த பலகை, போடுகிறார்கள் பலர். அதைப் பூஞ்சை தின்னாது என்பது உண்மை, நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் அதுவும் தண்ணீரை உறிஞ்சும், அதற்குப் பின்னால் இருப்பதோ அதே பிளைவுட். தகடும் இடைவெளியும் இல்லாமல் போட்டால், வெளியே பலகை புத்தம்புதிதாக நிற்க, உள்ளே சுவர் இற்றுப்போகும். மரத்திலாவது ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய் எச்சரிக்கும், இதில் அந்த எச்சரிக்கையும் கிடையாது. அறுக்கும்போது வரும் தூசியில் சிலிக்கா இருப்பதால் நுரையீரலுக்குக் கெடுதல், தகுந்த முகமூடி இல்லாமல் அறுக்கவே கூடாது.

வேலை முடிந்த வீட்டில் ஆண்டுதோறும் செய்ய வேண்டியது அதிகமில்லை. அக்டோபருக்கு முன் கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயில் அடைத்த இலைகளை அள்ளுவது, சுவரை ஒட்டி வளர்ந்த செடியை வெட்டுவது, புல்வெளித் தெளிப்பான் சுவரில் அடிக்காமல் திருப்புவது. பாசி பிடித்தால் மென்மையான தூரிகையும் சோப்புத் தண்ணீரும் போதும். அழுத்த நீர் இயந்திரத்தைச் சைடிங் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். கீழிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சினால் எந்தப் புயலும் செலுத்தாத அளவு தண்ணீர் பலகைகளின் அடியில் ஏறிவிடும்.