கர்சர் நிற்கும் இடத்திலேயே விடை கிடைக்கட்டும்

ஜாவா என்ற நிரல்மொழியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் பைத்தான் மொழிக்கு வருகிறவர்கள், அரை நொடி காத்திருப்பதற்காக, ப்ரோகிராமைச் சற்று நிறுத்தி வைக்கும் ஸ்லீப் ஃபங்ஷனுக்குள் 500 என்று எழுதுவதைக் கோட் ரிவ்யூவில் பார்க்கிறேன். ஜாவாவின் த்ரெட் ஸ்லீப்புக்கு மில்லிசெகண்ட் கணக்கு. பைத்தானில் செகண்ட் கணக்கு. எனவே ப்ரோகிராம் 8 நிமிடம் 20 நொடி அசையாமல் நிற்கும். எரர் எதுவும் வராது. ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்து டேட்டாபேஸ், நெட்வொர்க் என்று எங்கெங்கோ தேடுவார்கள்.

எடிட்டரில் ஸ்லீப் என்ற பெயர்மேல் மவுஸைக் கொண்டுபோனால் ஒரு சிறு பெட்டி திறக்கும். எண்ணைச் செகண்டில் கொடுக்க வேண்டும், தசம எண்ணும் கொடுக்கலாம் என்பது அதிலேயே இருக்கிறது. லிஸ்ட்டை வரிசைப்படுத்தும் சார்ட் ஃபங்ஷனும் அப்படித்தான். அடுக்கிய லிஸ்ட்டை அது திருப்பித் தரும் என்று நம்பி, விடையை ஒரு வேரியபிளில் போட்டுவிட்டு, கையில் ‘எதுவுமில்லை’ என்று பொருள்படும் ‘நன்’ மட்டும் மிஞ்சி முழிக்காத புதியவர் குறைவு. அதுவும் அந்தப் பெட்டியின் முதல் வரியிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. படிக்கும் பழக்கம்தான் இல்லை.

இந்த வசதி புதிதல்ல. நம் ஊர்க் கல்லூரி லேபில் டர்போ சி படித்தவர்களுக்கு கன்ட்ரோல் எஃப்1 நினைவிருக்கும். திரையில் அச்சிடும் பிரிண்ட்எஃப் ஃபங்ஷன்மேல் கர்சரை வைத்து அழுத்தினால் எந்த ஹெடர் ஃபைல் வேண்டும், எது திரும்பி வரும் என்பதோடு அப்படியே காப்பி செய்து ஓட்டிப் பார்க்க ஓர் உதாரண நிரலும் வரும். இன்டர்நெட் இல்லாத லேபில் அதுதான் வாத்தியார். அப்புறம் 2016இல் மைக்ரோசாஃப்ட், எடிட்டரும் மொழி உதவி தரும் சர்வரும் பேசிக்கொள்ளும் பொது விதிமுறையான லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலை வெளியிட்டது. ஒரு மொழிக்கு ஒரு சர்வர் எழுதினால் போதும், விஎஸ் கோட், விம், ஈமாக்ஸ் போன்ற எடிட்டர்கள் எல்லாம் அதே உதவியைக் காட்டும் என்றாகிவிட்டது.

சரி, பெட்டி எல்லா இடத்திலும் திறக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது? இங்கேதான் என் ஆதங்கம். மொழியோடு வரும் ஃபங்ஷன்களுக்கு நல்ல குறிப்பு இருக்கிறது. நாம் ஆபீஸில் எழுதும் ஃபங்ஷன்களுக்கு இல்லை. ‘கெட் யூசர்’ என்று ஒரு ஃபங்ஷன். மேலே டாக்ஸ்ட்ரிங்கில் (பெட்டியில் தெரியும் விளக்கக் குறிப்பு) ‘யூசரை எடுக்கும்’ என்று ஒரு வரி. பெயரைப் படித்தாலே தெரிவதை எதற்கு மறுபடி எழுத வேண்டும்? அதைக் கூப்பிடுகிறவருக்கு வேண்டியது வேறு: அந்த ஐடியில் யூசர் இல்லையென்றால் நன் வருமா, எக்ஸெப்ஷன் (ஓட்டத்தை நிறுத்தும் பிழை) எழுமா? கணக்கை மூடிவிட்ட யூசரும் வருவாரா? முன்பே எடுத்து வைத்த கேஷிலிருந்து வருகிறதா, ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸுக்குப் போகிறதா? கடைசிக் கேள்விக்கு விடை தெரியாமல் அதை ஒரு லூப்புக்குள் போட்டால், ஆயிரம் யூசருக்கு டேட்டாபேஸிடம் ஆயிரம் குவெரி (கேள்வி) போகும். மூன்றே வரி எழுதியிருந்தால் போதும், யாரும் அந்த ஃபங்ஷனைத் திறந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை. ஏஐ உதவியாளரும் அந்த வரிகளையும் பார்த்துக் கோட் எழுதித் தருகிறது. அவை இல்லாத இடத்தில் ஊகிக்கக்கூடும்.

கோட் மாறிய பிறகு குறிப்பு பழசாகிவிடும், பொய் சொல்லும் என்பார்கள். நியாயமான கவலை. அதற்கும் வழி இருக்கிறது. பைத்தானில் 2001 முதலே டாக்டெஸ்ட் உண்டு: டாக்ஸ்ட்ரிங்கில் எழுதிய உதாரணத்தை ஓட்டிப் பார்த்து, விடை பொருந்தாவிட்டால் டெஸ்ட் விழும். ரஸ்ட் மொழியில் டெஸ்ட்டுகளை ஓட்டும் கார்கோ டெஸ்ட் கட்டளையைக் கொடுத்தால், லைப்ரரியின் டாக்குமெண்டேஷனில் இருக்கும் உதாரணங்களும் சேர்ந்தே ஓடும். ஓடும் உதாரணம் பழசானால் உடனே தெரிந்துவிடும். அதனால் ஒரு ஃபங்ஷனுக்கு ஒரே ஒரு உதாரணமாவது வையுங்கள் என்று டீமில் வற்புறுத்துகிறேன்.

எரர் மெசேஜும் உதவிதான். இடுக்கண் வரும் நேரத்தில் கண்ணில் படும் ஒரே உதவி பல நேரம் அதுதான். மூடாத அடைப்புக்குறி ஒன்று இருந்தால், பழைய பைத்தான் பெரும்பாலும் அடுத்த வரியைக் காட்டித் தொடரியல் பிழை என்று மட்டும் சொல்லும்; அந்த வரியில் தவறே இருக்காது. 2021இல் வந்த 3.10, எந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று அந்த இடத்தையே காட்டுகிறது. நாம் எழுப்பும் எக்ஸெப்ஷனும் அப்படிப் பேசலாம். ‘தவறான உள்ளீடு’ என்பதற்குப் பதில், ‘தேதி ஆண்டு-மாதம்-நாள் வடிவில் வேண்டும், வந்தது 31/12/2024’ என்று சொன்னால் நள்ளிரவில் லாக்கை (ப்ரோகிராமின் பதிவுகள்) பார்க்கிறவர் அங்கேயே புரிந்துகொள்வார்.

எங்கள் ரிவ்யூவில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். புதிய ஃபங்ஷன் வந்தால், அது கூப்பிடப்படும் இடத்தில் கர்சரை வைத்து, விஎஸ் கோடில் கன்ட்ரோல் கே, கன்ட்ரோல் ஐ அழுத்திப் பெட்டியைத் திறக்கிறோம். என்ன அலகு, கிடைக்காவிட்டால் என்ன ஆகும், வெளியே எதையாவது மாற்றுகிறதா என்று பார்க்கிறோம். இவற்றுக்கு விடை தேடி ஃபங்ஷனுக்குள் போக வேண்டியிருந்தால், கோட் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பி அனுப்புகிறோம்.