மணலில் முளை ஏன் நிற்பதில்லை?

மாட்டுக்கு முளை அடித்துப் பழகிய கொங்கு நாட்டார் கடற்கரையில் கூடாரம் கட்ட முற்பட்டால், முதல் ஏமாற்றம் அந்த முளையில்தான் காத்திருக்கும். நம் செம்மண்ணிலோ கரிசலிலோ ஒரு முழம் இறங்கிய முளையை முரட்டுக் காளையாலும் எளிதில் பிடுங்க முடியாது. ஆழியாற்று நீர் பாரதப்புழையில் கலந்து கடலைச் சேரும் பொன்னானிக் கரைக்குப் போய், அதே முளையை உலர்ந்த மணலில் அடித்துப் பாருங்கள். இரண்டு விரலால் இழுத்தாலே கையோடு வந்துவிடும்.

காரணம் துகளின் அளவிலும் வடிவிலும் இருக்கிறது. களிமண் துகள்கள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியவை, தட்டையானவை, தமக்கிடையே நீர்ப்படலத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்பவை. மணல் பருக்கைகளோ இவற்றைவிடப் பன்மடங்கு பெரியவை, ஒட்டும் தன்மை இல்லாதவை. அவற்றுக்கிடையே இருப்பது உராய்வு மட்டுமே. உராய்வு எவ்வளவு என்பதை அழுத்தம் தீர்மானிக்கிறது. அழுத்தத்தைத் தருவதோ மேலே கிடக்கும் மணலின் எடை. ஆகவே ஒரு சாண் ஆழத்தில் மணல் முளையை ஏறக்குறையப் பிடிப்பதே இல்லை. காற்றில் கயிறு ஆடும்போது முளை அசைந்து, சுற்றிலும் உள்ள பிடியும் தளர்ந்துவிடுகிறது.

காற்றின் விசையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, தன்னை எதிர்த்து நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் துணியையும் ஏறத்தாழ 6 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். கூடாரத்தின் பக்கம் 3 சதுர மீட்டர் என்றால் 18 கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்றில் ஓலைக் கொட்டகையைக் காப்பாற்றியவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

எனவே கடற்கரையில் முளையை அடிக்கக் கூடாது, புதைக்க வேண்டும். அரிசிப் பை ஒன்றில் மணலை நிரப்பி, அதன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, ஒரு முழத்துக்குக் குறையாத குழியில் படுக்க வைத்து, மேலே மணலைத் தள்ளி மிதித்து இறுக்கினால் போதும். பத்து லிட்டர் பை ஏறக்குறைய 16 கிலோ இருக்கும். ஆனால் பிடிமானம் அந்த எடையோடு முடிவதில்லை. பையைக் கிளப்ப வேண்டுமானால், அதன் மேல் ஆப்பு வடிவில் விரிந்து கிடக்கும் மணல் முழுவதையும் காற்று தூக்கியாக வேண்டும். ஆழத்தை இரட்டித்தால் பிடிமானம் இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூடுவது இதனால்தான். பை இல்லாவிட்டால் முளையையே கிடையாகப் புதைக்கலாம். அதுவும் செங்குத்தாக அடித்ததைவிட நன்றாக நிற்கும்.

ஈர மணல் கெட்டியாக இருக்கிறதே, அங்கே அடித்தால் என்ன என்று தோன்றும். நொய்யல் மணலில் வீடு கட்டி விளையாடியவர்களுக்கு அந்தக் கெட்டி தெரிந்ததே. பருக்கைகள் தொடும் இடங்களில் தங்கும் சிறிதளவு நீர், தன் பரப்பு இழுவிசையால் அவற்றை ஒன்றாக இழுத்துப் பிடிக்கிறது. ஆனால் இடைவெளி முழுவதும் நீர் நிறைந்ததும் அந்த இழுவிசை மறைந்து, மணல் கூழாகிவிடும். கடலோரத்தில் அந்த நீர் வந்தே தீரும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். மாலையில் வற்றியிருந்த இடத்துக்கு நள்ளிரவில் கடல் ஏறி வரலாம். இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் கரையில், நீர்மட்டம் அரை மீட்டர் உயர்ந்தாலே நீர் 10 மீட்டர் உள்ளே வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் இன்னும் அதிகம். பாசியும் சிப்பியும் குச்சியும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோட்டுக்கு நன்கு மேலேதான் கூடாரம் அமைய வேண்டும். அதற்காகத் தென்னைக்கு அடியில் போய்விடக் கூடாது என்பதைப் பொள்ளாச்சிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வாசல் எந்தப் பக்கம் என்பதும் காற்றைப் பொறுத்தது. நீரைச் சூடாக்க மணலைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். போதாக்குறைக்கு அலைகள் அந்த வெப்பத்தை ஆழத்துக்கும் கலந்துவிடுகின்றன. ஆகையால் பகலில் தரை விரைவாகச் சூடேறி அதன் மேலுள்ள காற்று எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. இரவில் தரை முந்திக் குளிர்வதால் பின்னிரவில் காற்று திசை மாறிக் கடலை நோக்கி வீசுகிறது. இது பகற்காற்றைவிட மெல்லியது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஒழுங்கு மேற்குக் கரையில் அடிபட்டுப்போகும். கடலும் கொந்தளிப்பாக இருக்கும், கூடாரத்துக்கு அது காலமல்ல.

மற்ற மாதங்களில் கடல் பக்கமும் தரைப் பக்கமும் திறப்பு இருந்தால் இரு காற்றும் உள்ளே புகுந்து வெளியேறும். இறுக மூடிப் படுத்தால், மூச்சாலும் தோலாலும் வெளிவிடும் ஈரம், தெளிந்த வானத்துக்கு வெப்பத்தை இழந்து குளிர்ந்த துணியின் உட்புறத்தில் பட்டு நீராகிவிடும். விடியலில் போர்வை நனைந்திருப்பதைப் பார்த்துக் கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோர் உண்டு. ஒழுகியது பெரும்பாலும் அவர்கள் மூச்சுதான்.