ஒதுங்குவது இரண்டு பேர் வேலை

மாம்பலம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் ஒரு சாயங்காலம். மின்சார ரயில்களில் பேனா, ஊக்கு, அடையாள அட்டை உறை எல்லாம் விற்கும் பார்வையற்ற பெரியவர் ஒருவர், வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவரை ஒட்டி வந்துகொண்டிருந்தார். எதிரே ஓர் இளைஞர், இரண்டு கையிலும் கைபேசியைப் பிடித்தபடி, குனிந்த தலையோடு. பக்கத்தில் தாராளமாக இடம் இருந்தது. பெரியவர் நின்றுவிட்டார். இளைஞர் நேராக வந்து அவர் மேல் மோதினார். தோளில் தொங்கிய அட்டை அவிழ்ந்து, சாமான் எல்லாம் படிக்கட்டு வரைக்கும் சிதறியது. "சாரிங்க" என்று ஒரு சொல். அதைச் சொல்லும்போதும் அவர் கண் திரையைவிட்டு முழுசாக எழவில்லை.

நாலைந்து பேர் குனிந்து பொறுக்கினோம். எனக்கு வந்த கோபம் வீடு போய்ச் சேரும்வரை அடங்கவில்லை. அடங்கிய பிறகுதான் வேறொரு கேள்வி வந்தது. அந்தப் பாலத்தில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் எதிரும் புதிருமாகக் கடக்கிறார்கள். சிக்னல் கிடையாது, கோடு கிடையாது, ஹாரன் கிடையாது. ஆனாலும் அனேகமாக யாரும் யார் மேலும் மோதுவதில்லை. அது எப்படி?

இதைச் சில இயற்பியலாளர்கள் மிகுந்த பொறுமையோடு அளந்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் ஐந்தோவன் ரயில் நிலையத்தின் மேற்கூரையில் உணர்விகளைப் பொருத்தி, ஆறு மாதத்தில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் நடந்த தடங்களைப் பதிவு செய்தார்கள். நேருக்கு நேர் மோதும் தடத்தில் வருகிறவர்கள்கூடச் சற்று முன்னதாகவே லேசாக விலகிவிடுகிறார்கள். அந்த விலகல் மிகச் சிறியது, நடப்பவருக்கே தெரியாத அளவு சிறியது. இந்த ஆய்வுக்கு 2021-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தருகிற பரிசு அது. மனிதர்கள் ஏன் மோதிக்கொள்வதில்லை என்று கண்ட குழுவுக்கு ஒன்று, சில சமயம் ஏன் மோதிக்கொள்கிறார்கள் என்று கண்ட ஜப்பானியக் குழுவுக்கு இன்னொன்று என அந்த ஆண்டு இரண்டு பரிசு இந்தத் துறைக்கே போனது. ஜப்பானியக் குழுவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கூட்டத்தைக் கணக்கில் அடக்கும் முயற்சியில் புகழ்பெற்றது டிர்க் ஹெல்பிங், பீட்டர் மோல்னார் இருவரும் 1995-இல் முன்வைத்த 'சமூக விசை' மாதிரி. ஒவ்வொருவரையும் போகுமிடம் இழுக்கிறது, சுவரும் மற்ற ஆட்களும் தள்ளுகிறார்கள் என்று வைத்துக்கொண்டு, நியூட்டன் பாணியில் கணக்குப் போடுவது. உண்மையில் யாரும் யாரையும் தள்ளுவதில்லை. ஆனால் தள்ளுவதுபோல நம் கால்கள் நடந்துகொள்கின்றன.

அந்தத் தள்ளுவிசை எதைப் பொறுத்தது? தூரத்தை என்றுதான் முதலில் தோன்றும். யோசித்துப் பார்த்தால் அது சரிவராது. பக்கத்தில் நம்மோடு சேர்ந்து நடப்பவர் ஒரு முழ தூரத்தில் இருந்தாலும் நாம் விலகுவதில்லை. நாலு மீட்டர் தள்ளி நேரெதிரே வருகிறவருக்கு விலகுகிறோம். அயோனிஸ் கரமூசாஸும் அவருடைய சகாக்களும் 2014-இல் பல இடங்களின் நடைத் தரவுகளை எடுத்துப் பார்த்து விடையைச் சொன்னார்கள். நம் கால்கள் கணக்குப் பார்ப்பது தூரத்தை வைத்து இல்லை. இப்படியே போனால் மோத இன்னும் எத்தனை வினாடி என்பதைத்தான் அவை பார்க்கின்றன. மிச்சமிருக்கும் நேரம் பாதியானால் ஒருவர்மேல் ஒருவருக்குள்ள தாக்கத்தின் ஆற்றல் நாலு மடங்காகும். மூன்று வினாடிக்கு மேல் நேரம் இருந்தால் தாக்கம் அனேகமாக இல்லை.

மூன்று வினாடி என்பதைத் தரையில் அளந்து பார்ப்போம். சாதாரண நடை வினாடிக்கு ஏறக்குறைய 1.3 மீட்டர். எதிரெதிரே வரும் இருவருக்கிடையே இடைவெளி வினாடிக்கு 2.6 மீட்டர் குறையும். ஆகவே சுமார் எட்டு மீட்டரிலேயே இருவரின் உடலும் பேச்சுவார்த்தையைத் தொடங்கிவிடுகிறது. தோள் இரண்டு விரற்கடை திரும்பும், அடுத்த அடி சற்றே இடப்புறம் விழும். அதை எதிரே வருகிறவர் பார்த்துத் தானும் கொஞ்சம் ஒதுங்குவார். எட்டு மீட்டரில் செய்தால் ஆளுக்குக் கால் மீட்டர் நகர்ந்தால் போதும். இதுவே திரையைப் பார்த்து வருகிறவர் இரண்டு மீட்டரில் நிமிர்ந்தால் மீதி இருப்பது முக்கால் வினாடி. ஒரு காலை ஊன்றி மறுகாலை எடுப்பதற்குள் தீர்ந்துவிடும். அப்போது ஒதுங்க வழியில்லை, துள்ளத்தான் வேண்டும்.

கூட்டம் கூடும்போது இதே சின்னப் பேச்சுவார்த்தை பெரிய காரியம் ஒன்றைச் செய்கிறது. மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023-இல் திறந்த ஆகாய நடைபாதையில் சாயங்காலம் ஆறரைக்கு நின்று பாருங்கள். சுமார் 570 மீட்டர் நீளத்துக்கு நடுக்கோடு கிடையாது. இருந்தும் ஜனங்கள் வரிசை வரிசையாகப் பிரிந்து போகிறார்கள். முன்னால் போகிறவர் பின்னாலேயே போனால் மோதும் நேரம் என்ற கவலை இல்லை. அந்தத் தடத்தைவிட்டு வெளியே வந்தால் எதிரே வருகிற கூட்டம் தள்ளுகிறது. ஆகவே ஒரே திசையில் போகிறவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொள்கிறார்கள். யாரும் சொல்லாமல் தடங்கள் தாமாகப் பிறக்கின்றன. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளையும் நான்கு பைகளையும் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர முடிகிறதென்றால் அது இந்தத் தடங்களால்தான். முகம் தெரியாத மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் இப்படியொரு உதவி வேறு எங்கேயும் இத்தனை அமைதியாக நடப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஜப்பானியக் குழு. ஹிசாஷி முரகாமி, கத்சுஹிரோ நிஷினாரி முதலானோர் 54 பேரை 27, 27 ஆகப் பிரித்து ஒரு நடைபாதையில் எதிரெதிரே நடக்கவிட்டார்கள். ஒரு அணியில் மூன்றே மூன்று பேரிடம் கைபேசியைக் கொடுத்து, நடந்துகொண்டே ஒற்றை இலக்கக் கூட்டல் போடச் சொன்னார்கள். அந்த மூவரும் அணியின் நடுவிலோ கடைசியிலோ இருந்தபோது பெரிய மாற்றமில்லை, அவர்களுக்கு முன்னால் போகிறவர்கள் வழி செய்துவிடுகிறார்கள். மூவரையும் முன்வரிசையில் விட்டதும் இரு அணியின் நடையும் மெதுவானது, தடங்கள் உருவாகத் தாமதமானது.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்த விஷயம் அடுத்து வருகிறது. கைபேசிக்காரர்கள் கடைசி நொடியில் வெட்டித் திரும்பினார்கள், அது எதிர்பார்த்ததுதான். கையில் எதுவுமில்லாமல் கவனமாக நடந்தவர்களும் அதேபோல் வெட்டித் திரும்பினார்கள். கண்ணைத் திறந்து வைத்திருந்தவரால்கூட எதிரே வருகிறவரைச் சரியாகத் தவிர்க்க முடியவில்லை. மோதாமல் போவது என்பது ஒருவர் செய்து முடிக்கிற வேலையாக இருந்தால், கவனமானவர் தாமே சற்று அதிகம் ஒதுங்கிச் சமாளித்திருப்பார். அப்படி நடக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் முன்கூட்டி ஊகித்தால்தான் அது நடக்கிறது. ஒரு பக்கம் ஊகிப்பது நின்றால் மறுபக்கத்தின் ஊகமும் பிடி கிடைக்காமல் போகிறது.

காரணம் நம் தலையில் இருக்கிறது. திரும்பப்போகிற மனிதனைக் கவனித்தால், முதலில் கண்ணும் தலையும் திரும்பும், பிறகு உடம்பு, கடைசியில் கால். அந்தச் சிறு இடைவெளியில் எதிரே வருகிறவர் நம் முகத்தைப் படித்துவிடுகிறார். வாகனத்துக்கு இண்டிகேட்டர் எப்படியோ அப்படி. குனிந்த தலையில் அந்த விளக்கு அணைந்துவிடுகிறது. அவர் நம்மைப் பார்க்காததோடு, அவர் எந்தப் பக்கம் போவார் என்று நாமும் படிக்க முடியாமல் போகிறது. போதாததற்கு அவர் நேராகவும் நடப்பதில்லை. 2014-இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், செய்தி தட்டிக்கொண்டு நடந்தவர்கள் மெதுவாகவும் நேர்கோட்டிலிருந்து அதிகம் விலகியும் நடந்தார்கள். அப்படி வருகிற ஒருவரோடு, சந்துமுனையில் நாம் இடம், அவரும் அதே பக்கம், நாம் வலம், அவரும் அதே பக்கம் என்று ஆடுகிற அந்த ஆட்டத்துக்குக்கூட வாய்ப்பில்லை. அந்த ஆட்டத்தில் இருவரும் பார்த்துக்கொண்டாவது இருக்கிறார்கள்.

"நான் பேசிக்கொண்டுதானே போகிறேன், கண் ரோட்டில்தானே இருக்கிறது" என்பவர்களுக்கு அமெரிக்காவின் மேற்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். உளவியலாளர் ஐரா ஹைமனும் மாணவர்களும் வளாகத்தில் ஒரு கோமாளியை ஒற்றைச் சக்கர சைக்கிளில் சுற்றவிட்டார்கள். கடந்துபோனவர்களிடம் "கோமாளியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். தனியாக நடந்தவர்களில் பாதிப்பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். இருவராகப் பேசிக்கொண்டு போனவர்களில் 71 சதவீதம். கைபேசியில் பேசிக்கொண்டு போனவர்களில் 25 சதவீதம்தான். காட்சி கண்ணுக்குள் விழுந்தும் மனசுக்குள் போகவில்லை. கூட நடக்கிற நண்பர் இன்னொரு ஜோடிக் கண்ணாக இருக்கிறார், நடுவில் பேச்சை நிறுத்தி "ஏய், அங்க பாரு" என்கிறார். தொலைவில் இருக்கிறவருக்கு நம் தெரு தெரியாது.

ஆனால் கைபேசியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. 1970-களில் நியூயார்க் தெருக்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், அறிமுகமானவர்கள் நின்று பேசுவது ஓரத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தார். ஜனம் அதிகம் போகிற நடுவழியிலேயே நின்று பேசினார்கள். நம்மூரில் நகரும் படிக்கட்டின் வாசல், ரயில் பெட்டியின் கதவு, கடையின் வாய் என்று இதற்குப் பெயர்போன இடங்கள் உண்டு. பின்னால் வருகிறவர் ஒரு மீட்டர் இடைவெளியில் வந்தால், நாம் சட்டென்று நிற்கும்போது அவருக்குக் கிடைப்பது முக்கால் வினாடிதான். இரண்டடி ஓரமாகப் போய் நின்றால் அந்தக் கணக்கிலிருந்தே நாம் வெளியே போய்விடுகிறோம்.

சேர்ந்து நடப்பவர்கள் இன்னொரு கதை. பிரான்சின் துலூஸ் நகரத்தில் எடுத்த கணக்கில் தெருக்கூட்டத்தில் 70 சதவீதம் வரை குழுவாகவே நடந்தார்கள். நெருக்கம் குறைவென்றால் பக்கம் பக்கமாக. நெருக்கம் கூடினால் நடுவில் இருப்பவர் சற்றுப் பின்தங்கி, ஓரத்தில் இருப்பவர்கள் முன்னால் போய், 'வி' எழுத்துபோல ஆகிவிடுகிறார்கள். பேசும்போது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. பறவைகளின் 'வி' கூர்முனையை முன்னால் வைத்துக் காற்றைக் கிழிக்கும். நம்முடையது வாயைத் திறந்துகொண்டு எதிர்வருகிறவர்களை உள்ளே வாங்குகிறது. அவர்கள் வேண்டுமென்று வழியை அடைப்பதில்லை என்று தெரிந்தபின் எனக்கு அவர்கள் மேலிருந்த கோபம் பாதி குறைந்தது.

நம்மவர்களைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2009-இல் வெளிவந்த ஆய்வில், ஜெர்மனியிலும் இந்தியாவிலும் ஒரே மாதிரி தடத்தில் ஆட்களை வரிசையாக நடக்கவிட்டு ஒப்பிட்டார்கள். இந்தியர்களுக்குக் குறைந்த இடைவெளியே போதுமாக இருந்தது. நெரிசல் ஏறும்போது நம்மவர்களின் வேகம் ஜெர்மானியர்களுடையதைப்போல அவ்வளவு குறையவில்லை. நெருக்கத்தில் நடக்கத் தெரிந்தவர்கள் நாம். ஆனால் குறைந்த இடைவெளியில் நடப்பவருக்குத் தப்புச் செய்ய மிச்சம் வைக்கிற இடமும் குறைவு. நம் நெரிசல் பழகிய கண்களை நம்பி நடக்கிறது. சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும். அதில் பைக்கும் மின்பெட்டியும் டீக்கடை பெஞ்சும் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

அமெரிக்காவின் ஹொனலுலு நகரம் 2017-இல் சாலையைக் கடக்கும்போது கைபேசி பார்ப்பவர்களுக்கு அபராதம் கொண்டுவந்தது. ஜப்பானின் யமாத்தோ நகரம் 2020-இல் நடந்துகொண்டே கைபேசி பார்ப்பதைத் தடைசெய்தது, ஆனால் அபராதம் எதுவும் வைக்கவில்லை. தெருவில் பார்த்துப் பழகவேண்டியதைச் சட்டத்தால் எவ்வளவு கொண்டுவர முடியும் என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

அன்று பாலத்தில் கடைசி ஊக்குப் பாக்கெட்டையும் எடுத்து அந்தப் பெரியவர் கையில் கொடுத்தேன். அவர் விரலால் ஒவ்வொன்றாக எண்ணி அட்டையில் மாட்டிக்கொண்டிருந்தார். "எப்படிங்கய்யா இவ்ளோ கூட்டத்துல வர்றீங்க?" என்று கேட்டேன்.

"செருப்புச் சத்தம்தான் தம்பி. பக்கவாட்டுல வந்தா நான் பாட்டுக்கு நடப்பேன். நேரா வந்தா நின்னுடுவேன். நான் நின்னா அவங்க சுத்திப் போயிடுவாங்க. முப்பது வருஷமா அப்படித்தான்." ஒரு பேனாவைத் தடவிப் பார்த்து மூடி இருக்கிறதா என்று சரிபார்த்தார். "அந்தப் பையன் சத்தமும் நேராத்தான் வந்துச்சு. நான் நின்னுட்டேனே."

தாம்பரம் வண்டி வரும் அறிவிப்புக் கேட்டது. அவர் கோலைத் தட்டிக்கொண்டு படியிறங்கினார். கீழிருந்து ஏறிவந்த கூட்டம் அவருக்கு முன்னால் இரண்டாகப் பிரிந்து, அவரைத் தாண்டி மறுபடி சேர்ந்துகொண்டது.