பட்டியில தொடங்கி மனுசரட கைக்கு வாற காய்ச்சல்: ரிஃப்ட் வெலி வைரஸ் எப்பிடிப் பரவுது?

நுளம்பால வாற வருத்தம் எண்டா நம்மட ஆக்களுக்கு உடனே டெங்குதான் ஞாபகம் வரும், மிஞ்சிப் போனா மலேரியா. ஆனா ஆடு, மாடு, ஒட்டகத்துக்கு நுளம்பு மூலம் வந்து, மறுகா அதுகள்ல இருந்து மனுசருக்குத் தொத்துற ஒரு வைரஸ் இருக்கு, பேர் ரிஃப்ட் வெலி காய்ச்சல். இலங்கையில இது இல்ல. ஆபிரிக்காவுலயும் சவுதி, யெமன் பக்கமும்தான் வந்திருக்கு. அப்ப ஏன் மட்டக்களப்புல இருந்து இத எழுதுறேன் எண்டா, சவுதிக்கு வேலைக்குப் போன ஆள் இல்லாத தெரு காத்தான்குடியிலயோ வாழைச்சேனையிலயோ கல்முனையிலயோ தேடினாலும் கிடைக்காது, அங்க போய் ஆட்டுப் பட்டியிலயும் ஒட்டகப் பட்டியிலயும் நிக்கிற பொடியன்மாரும் இருக்காங்க. மற்றது, இந்த வைரஸ் போற வழி விளங்கினா நம்மட பட்டிக்காரர் கையால செய்யிற வேலையில ஆபத்து எங்க இருக்கு எண்டும் சேர்ந்து விளங்கும்.

1931ல கென்யாவுல, நைவாஷா ஏரிக்குக் கிட்ட ஒரு பண்ணையில செம்மறிக் குட்டிகள் கொத்துக் கொத்தா செத்து, சினை ஆடுகளும் குறைமாசத்துலயே குட்டியப் போட்டுட்டு நிண்டிச்சுகள். அத ஆராயப் போய்த்தான் இந்த வைரஸைக் கண்டுபிடிச்சாங்க. அந்த இடம் ரிஃப்ட் வெலி எண்ட பள்ளத்தாக்கு, அந்தப் பேரே வருத்தத்துக்கும் ஒட்டிக்கிட்டு.

மழை இல்லாத வருசங்கள்ல இந்த வைரஸ் எங்க போய் ஒளிஞ்சிருக்கு எண்டதுதான் எனக்கு இதுல பெரிய ஆச்சரியம். கென்யாவுல புல்வெளிக்கு நடுவுல தாழ்வான பள்ளங்கள் இருக்கு, நம்மட பக்கம் வில்லு எண்டு சொல்றமே, கிட்டத்தட்ட அப்பிடி. வைரஸ் உள்ள ஏடிஸ் வகை நுளம்பு அந்தப் பள்ளத்து ஈர மண்ணுல முட்டை போடும், தாய்ட உடம்புல இருக்கிற வைரஸ் முட்டைக்குள்ளயும் போயிரும். மண் காஞ்சு வெடிச்சாலும் அந்த முட்டை சாகாது, வருசக் கணக்கா அப்பிடியே கிடக்கும். மறுகா ஒரு பெருமழை பெய்ஞ்சு பள்ளம் நிரம்பி வெள்ளம் சில நாள் வத்தாம நிண்டா போதும், முட்டை பொரிச்சு, பிறக்கும்போதே வைரஸோட நுளம்பு வரும். அது கிட்ட மேயிற மாட்டையும் ஆட்டையும் கடிக்கும். அதுக்குப் பிறகு அதே வெள்ளத்துல கியூலெக்ஸ் வகை நுளம்பு பெருகி, வருத்தம் வந்த மாட்டைக் கடிச்சிட்டு அடுத்த மாட்டைக் கடிக்கும், ஏடிஸ் தொடங்கி வச்சத கியூலெக்ஸ் ஊர் முழுக்கக் கொண்டு போயிரும்.

மிருகத்துட உடம்புக்குள்ள போனா இது முக்கியமா ஈரலைத்தான் பிடிக்கும். வைரஸ் வந்தா உடம்பு முதல்ல இன்டர்பெரோன் எண்ட எச்சரிக்கைப் புரதத்த விடும், இந்த வைரஸ் என்எஸ்எஸ் எண்டு சொல்ற தன்ட புரதத்த வச்சு அந்த எச்சரிக்கையவே அடக்கிப் போடும், உடம்பு முழிக்கிறதுக்குள்ள ரத்தத்துல வைரஸ் பொங்கி வழியும். குட்டிகள்ல 100க்கு 90க்கு மேல செத்துப் போகும், வளர்ந்த செம்மறியில குறைஞ்சது 10ல ஒண்டு மாதிரி. இளங்கொடியையும் வைரஸ் தாக்குறதால சினையாடுகள் கிட்டத்தட்ட எல்லாமே குறைமாசத்துலயே குட்டியப் போட்டுரும். ஒரு பட்டியில ஒரே கிழமையில வரிசையா இப்பிடி நடந்தா அதுதான் முதல் அறிகுறி, மனுசருக்குக் காய்ச்சல் வாறது கூடுதலா அதுக்குப் பிறகுதான்.

இனி மனுசர். நுளம்பு கடிச்சும் வரும், ஆனா கூடுதலான ஆக்களுக்கு வந்தது மிருகத்துட ரத்தத்தாலயும் உடம்பு உறுப்புகளாலயும்தான். மாடு கண்டு போடேக்க பட்டிக்காரர் என்ன செய்வாரு? கண்டு சிக்கினா முழங்கை வரைக்கும் வெறுங்கைய உள்ள விட்டு இழுப்பாரு, இளங்கொடி விழாட்டி அதையும் கையாலயே எடுப்பாரு, விழுந்தத சாக்குல கட்டி ஆலமரத்துல தொங்க விடுவாரு, விரல்ல முள்ளுக் கீறின காயம் இருந்தாலும் பாக்கமாட்டாரு. கென்யாவுலயும் சூடான்லயும் இப்பிடிக் கைகள்லதான் வைரஸ் ஏறினது. ஆடறுக்கிற ஆக்களுக்கும் இதே கதைதான், கத்தி வெட்டுக் காயத்தால போகும், அறுக்கேக்க தெறிக்கிற ரத்தத் துளிய மூச்சோட இழுத்தாலும் போகும். அறுத்த இறைச்சியில நேரம் போகப் போக அமிலத் தன்மை ஏறும், அதுல வைரஸ் செயலிழந்து போயிரும், நல்லாச் சமைச்சாலும் அப்பிடித்தான். அதனால ஆபத்துல முன்னுக்கு நிக்கிறது அறுக்கிற ஆள். பாலக் காய்ச்சாமக் குடிக்கிறதும் கூடாது. தாயில இருந்து வயித்துப் பிள்ளைக்குப் போனதைத் தவிர, மனுசர்ல இருந்து மனுசருக்குத் தொத்தினதா இதுவரைக்கும் பதிவு இல்ல.

உள்ள போய் 2 நாள்ல இருந்து 6 நாளைக்குள்ள காய்ச்சல், உடம்பு நோவு, மூட்டு வலி, தலையிடி வரும், கூடுதலான ஆக்களுக்கு ஒரு கிழமையில சுகமாயிரும். 100ல ஒருத்தருக்கும் குறைவாத்தான் ரத்தக் கசிவு வருத்தமா மாறும், ஆனா அப்பிடி மாறினவங்கள்ல பாதிப்பேர் தப்புறதில்ல. இன்னும் கொஞ்சப் பேருக்கு காய்ச்சல் தொடங்கி 1 கிழமையில இருந்து 3 கிழமைக்குள்ள கண்ணுப் பார்வை மங்கும். விழித்திரையில நடுப் பகுதி பழுதானா அதுல பாதிப்பேருக்குப் பார்வை திரும்பி வராது. காய்ச்சல் விட்டு ஆள் எழும்பி வேலைக்குப் போன பிறகு கண்ணு போறதால ரெண்டையும் ஆரும் சேர்த்துப் பாக்கிறதில்ல, இதுதான் எனக்கு மிச்சம் கவலையான இடம்.

2000 செப்டம்பர்ல இது முதல் தரமா ஆபிரிக்காவ விட்டு வெளிய வந்து சவுதியில ஜீசான்லயும் யெமன்லயும் பரவினது, ரெண்டு நாட்டுலயும் சேர்த்து 200 பேருக்கு மேல செத்தாங்க. அந்த வைரஸ் 1997, 98ல கிழக்கு ஆபிரிக்காவுல பரவினதோட ஒத்திருந்திச்சு, கப்பல்ல வந்த ஆடு மாட்டோட வந்திருக்கும் எண்டுதான் நம்புறாங்க. சவுதி உடனே சோமாலியாப் பக்கத்து ஆடு மாட்டைத் தடை செஞ்சிட்டு, அந்தத் தடை வருசக் கணக்கா நிண்டது. ஆட்டை மட்டுமே நம்பி வாழ்ந்த அங்கத்த சனம் பட்ட பாட்ட மாடு வளர்க்கிற நம்மட ஆக்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்ல.

இங்க கியூலெக்ஸும் ஏடிஸும் தாராளமா இருக்கு, பெரும்போக மழைக்கு வட்டையெல்லாம் வெள்ளம், வைரஸ் மட்டும்தான் இல்ல. அதனாலதான் வெளிநாட்டுல இருந்து உயிரோட வாற மிருகத்த சோதிக்காம விடக்கூடாது. கிட்டத்தட்ட இதே மாதிரி இங்க இருக்கிறது யப்பான் மூளைக்காய்ச்சல், 1980களிட கடைசியில அனுராதபுரப் பக்கம் பெரிசாப் பரவினது. அதுல வைரஸைப் பெருக்கிறது பண்டி, வயல்ல பெருகிற கியூலெக்ஸ் அதைக் கடிச்சிட்டு வந்து மனுசரக் கடிக்கும், ரத்தத்தத் தொட்டு வாறதில்ல. அதுக்கு கிளினிக்ல பிள்ளைகளுக்கு ஊசி இருக்கு, தவற விடாதீங்க. ரத்தத்தாலயும் இளங்கொடியாலயும் வாறது புருசெல்லோசிஸ், அது பக்டீரியா, நம்மட மாடுகள்ல இப்பவே இருக்கு, கண்டு வயித்துலயே செத்து விழுறதுக்கு அதுவும் ஒரு காரணம். அப்பிடி விழுந்தா வெறுங்கையால தொடாம கிளவுஸ் போட்டு, நாய் தோண்டாத மாதிரி ஆழமாத் தாட்டுப்போட்டு மிருக வைத்தியருக்குச் சொல்லுங்க.

ரிஃப்ட் வெலிக்கு மிருகங்களுக்குத்தான் தடுப்பூசி இருக்கு, மனுசருக்கு அனுமதிச்ச ஊசி இன்னும் வரல. மிருகத்துக்கும் நினைச்ச நேரம் போடேலாது, பழைய உயிருள்ள தடுப்பூசி சினை மாட்டுல கருவக் கலைச்சுப் போடும், பரவத் தொடங்கின பிறகு ஒரே ஊசிய மாடு மாடாக் குத்திட்டுப் போனா ஊசியே வைரஸைக் கடத்தும். அதனால மழைக்கு முதலே போடணும். எல் நினோ வருசத்துல, அதாவது பசிபிக் கடல் வழமைய விடச் சூடாகிற வருசத்துல, இந்து சமுத்திரமும் சூடாகி கிழக்கு ஆபிரிக்காவுல மழை கொட்டும் எண்டதால, கடல் சூட்டையும் தரையில புல் பச்சையாகிறதையும் செட்டலைட்டால பாத்து 2006ல நாசா ஆக்கள் முன்கூட்டியே எச்சரிச்சாங்க, அந்த வருசக் கடைசியில கென்யாவுல வருத்தம் வந்தது. எச்சரிக்கை கிடைச்சது சில கிழமைக்கு முதல்தான், தூரத்துப் பட்டிகளுக்கு ஊசி கொண்டு போய்ச் சேர்க்க அந்த நேரம் போதாமப் போயிட்டு, 2007லயும் தொடர்ந்து கென்யா, சோமாலியா, தன்சானியாவுல 300 பேருக்கு மேல செத்தாங்க.