பச்சை குத்துமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்

போன மாதம் ஓர் இளைஞர் தன் முன்கையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஐரிஷ் மொழியில் ‘ஒளியின் வாள்’ என்று பச்சை குத்தியிருக்கிறார். அகராதியில் வாளுக்கு ‘க்ளீவ்’, ஒளிக்கு ‘சொலஸ்’. நடுவில் ஆங்கிலத்தின் ‘தி’ போன்ற ‘அன்’ சேர்த்து ‘க்ளீவ் அன் சொலஸ்’. “சரிதானே?” என்று கேட்டார். ஐரிஷ் மொழிபெயர்ப்பே என் தொழில். ஆனாலும் பதில் எழுதக் கை வரவில்லை.

ஐரிஷில் வேற்றுமை சொல்லுக்குள்ளேயே நடக்கும். ‘ஒளியின்’ என்றால் கடைசி ‘எஸ்’ஸுக்கு முன் ஓர் ‘ஐ’ வந்து ‘சொலிஷ்’ ஆகும். முன்னால் ‘அன்’ இருந்தால் தலையில் ஒரு ‘டி’ ஏறும், ‘எஸ்’ ஊமையாகும். ‘க்ளீவ் அன் டொலிஷ்’ என்பதே சரி.

‘க்ளீவ்’ ஆண்பால் பெயர். அதன் முதலெழுத்தான ‘சி’யும் நிலையாக நிற்காது. ‘என் வாள்’ என்றால் ‘சி’யை அடுத்து ‘எச்’ வந்து, ‘பகல்’ என்பதில் வரும் ககரம்போல மெலியும். ‘எங்கள் வாள்’ என்றால் முன்னால் ‘ஜி’ வந்து ‘சங்கு’வின் ககரமாகும், ‘சி’ எழுத்தில் மட்டும் மிஞ்சும். தமிழில் வேற்றுமைக்காகச் சொல்லின் தலை மாறாது. அதனால்தான் நம்மவர்கள் இங்கே எளிதில் தடுக்கி விழுகிறார்கள்.

பழைய ஐரிஷில் இச்சொல் ‘க்ளதெவ்’. வேல்ஸ் மொழியின் ‘க்ளெதிவ்’ என்ற சொல்லின் முன்வடிவிலிருந்து வந்த கடன் என்பது சொல்லாய்வாளர் பலரின் முடிவு. வாளைக் குறிக்கும் லத்தீனின் ‘கிளாடியஸ்’கூடப் பண்டை ஐரோப்பிய மக்களான கெல்டியரிடம் பெற்றதாகவே கருதப்படுகிறது. ஸ்காட்லாந்தின் ‘கிளேமோர்’ இதே சொல்தான்: ‘பெரிய வாள்’.

இன்னொரு பொறி, எழுத்துக்கூட்டல். ஐரிஷ் மொழியை வளர்க்க எழுந்த கேலிக் லீக் என்ற அமைப்பு 1899இல் தொடங்கிய வார இதழின் பெயரே ‘ஒளிவாள்’. 1903 முதல் 1909 வரை அயர்லாந்து விடுதலைப் போராளி பேட்ரிக் பியர்ஸ் அதன் ஆசிரியர். அந்த முகப்பில் இருப்பது பழைய, நீண்ட எழுத்துக்கூட்டல். 1940களின் சீர்திருத்தம் அதைச் சுருக்கிவிட்டது. பழையதில் ஒரு சொல், புதியதில் ஒரு சொல் என்று கலந்து மோதிரத்தில் பொறித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எந்தக் காலத்து எழுத்தானாலும் இரண்டு சொல்லும் ஒரே காலத்தவையாக இருக்கட்டும். தனிச்சொல்லை அகராதியில் தேடுவதோடு நிற்காமல், முழுத் தொடரையும் மொழி தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

அந்த இளைஞரின் கையில் ‘அன்’னுக்கும் ‘சொலஸு’க்கும் நடுவே இடைவெளி இருக்கிறது; ‘டி’யை நுழைத்துவிடலாம். ‘ஐ’க்குத்தான் இடமில்லை.