சர்ஜ் பிளக் எதைக் காக்கும், எதைக் காக்காது

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஓர் ஆயாவின் வீட்டுக் கூடத்தில், செத்துப்போன தொலைக்காட்சிக்குப் பின்னால், திடீர் மின்னழுத்தப் பாய்ச்சலிலிருந்து சாதனத்தைக் காக்கும் சர்ஜ் பிளக் ஒன்று செருகியபடியே இருந்தது. அதன் சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. "வெளக்கு எரியுதே தம்பி, பெறகு எப்படி டிவி போச்சு?" என்று கேட்டார். பிளக்கைத் திறந்து அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். நாணயம் அளவுள்ள நீல வட்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக்கில் கரி அப்பியிருந்தது. மின்சாரம் வருகிறது என்பதை மட்டுமே அந்த விளக்கு சொல்லிக்கொண்டிருந்தது. பாதுகாப்பு போய் எத்தனை நாளாயிற்று என்று சொல்ல அந்தப் பிளக்கில் ஏற்பாடே இல்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் வீட்டு மின்பணி செய்யும் என்னிடம், கோடை இடிமழை தொடங்கியதும் எல்லோரும் கேட்பது, சர்ஜ் பிளக் வாங்குவதில் பயன் உண்டா என்பதைத்தான். பயன் உண்டு. ஆனால் அது எந்த ஆபத்துக்கான மருந்து என்று தெரியாமல் வாங்குகிறவர்கள்தான், பிளக் இருக்கிறதே என்ற தைரியத்தில் பெரிய ஆபத்தைக் கவனியாமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்த நீல வட்டு துத்தநாக ஆக்சைடால் ஆனது. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ மின்கடத்தாப் பொருள் போலவே இருக்கும். எங்கோ தொலைவில் விழுந்த இடியாலோ, கம்பித் தடத்தில் பெரிய சுமை சட்டென்று இணைந்து விலகுவதாலோ சில மைக்ரோ நொடிகளுக்கு மின்னழுத்தம் ஆயிரக்கணக்கில் எகிறும்போது, அது உடனே கடத்தியாக மாறி, அந்தப் பாய்ச்சலைச் சாதனத்துக்குப் போகவிடாமல் மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பிக்கும் நிலத்தோடு இணைந்த எர்த் கம்பிக்கும் திருப்பிவிடும். நம் மின்னழுத்தத்துக்குப் பொதுவாகப் பயன்படும் 275 வோல்ட் வட்டு, பாய்ச்சலைச் சுமார் 700 வோல்ட் அளவில் பிடித்து நிறுத்தும். வீட்டுச் சாதனங்கள் 1500 முதல் 2500 வோல்ட் வரையிலான கணநேரப் பாய்ச்சலைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுவதால் இதுவே போதுமானது. ஆனால் ஒவ்வொரு அடியும் வட்டைக் கொஞ்சம் தேய்க்கிறது. ஆயா வீட்டு வட்டு பல கோடைகளின் அடிகளை வாங்கி ஓய்ந்துபோன ஒன்று.

இனி நான் அதிகம் அஞ்சுகிற சேதத்துக்கு வருகிறேன். டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் ஒரு தெருவில், வானம் தெளிவாக இருந்த ஒரு மாலையில், அடுத்தடுத்த வீடுகளில் தொலைக்காட்சி, மைக்ரோவேவ், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் கருகின. முதல் வீட்டு டிபி போர்டில், அதாவது மின்சாரத்தை வீட்டுக்குள் பிரித்துவிடும் பலகையில், மீட்டரை வைத்தபோது 340 வோல்ட் காட்டியது. எதிர்வரிசை வீட்டிலோ விளக்குகள் மங்கி அழுதுகொண்டிருந்தன. தெருவுக்கு வரும் நியூட்ரல் கம்பி ஓர் இணைப்பில் அறுந்திருந்தது. நியூட்ரல் போய்விட்டால், இரு வேறு பேஸ்களில், அதாவது தெருவுக்கு வரும் மூன்று லைவ் கம்பிகளில் வெவ்வேறானவற்றில், இருக்கும் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டதுபோல் ஆகி, இடையிலுள்ள 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். கீசரும் அடுப்பும் ஓடுகிற வீட்டுக்குக் குறைந்த பங்கு, ஒரு தொலைக்காட்சி மட்டும் ஓடுகிற வீட்டுக்குப் பெரும்பங்கு. செம்புக் கம்பித் திருட்டு மலிந்த நம் நாட்டில் இது அரிய விபத்தன்று.

இந்த இடத்தில் சர்ஜ் பிளக் உதவாது. மைக்ரோ நொடிப் பாய்ச்சலைத் தாங்கப் பிறந்த வட்டு, நிமிடக் கணக்கில் நிற்கும் 340 வோல்ட்டைத் தாங்காது; சூடேறி வெடிக்கும், உள்ளே வெப்ப ஃபியூஸ் இல்லாத மலிவான பிளக்கானால் தீயும் பிடிக்கலாம். அந்தத் தெருவில் ஒரு வீட்டில் சர்ஜ் பிளக் உருகித் தரை விரிப்பில் ஒட்டிக்கொண்டிருந்ததை நானே சுரண்டி எடுத்தேன். இதற்குத் தேவை, மின்னழுத்தம் வரம்பை மீறினால் இணைப்பையே துண்டித்து, சீரான பிறகு சில நிமிடம் பொறுத்து மீண்டும் இணைக்கும் வோல்டேஜ் ரிலே. 230-இலிருந்து பத்து விழுக்காடு கூடவோ குறையவோ, அதாவது 207 முதல் 253 வோல்ட் வரை, இங்கே இயல்பான விநியோகம்; அதைவிட்டு நன்றாக விலகும்போது ரிலே அறுக்க வேண்டும். டிபி போர்டில் பொருத்தினால் வீடு முழுவதற்கும் காவல். அதற்கு வசதியில்லாதவர்கள் குளிர்சாதனப் பெட்டிக்காவது இத்தகைய பிளக் ஒன்றை வாங்குங்கள் என்று மன்றாடியே கேட்பேன்.

மின்வெட்டுக்குப் பின்னும் இந்தத் தாமதம்தான் காக்கிறது. 2007 இறுதியில் தொடங்கி 2023-இல் உச்சத்தை எட்டிய லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டுக் காலத்தில், மின்சாரம் திரும்பும் கணத்தில் தெருவின் கீசர்களும் கம்ப்ரசர்களும் ஒருசேர இழுக்க, மின்னழுத்தம் தள்ளாடியதை எல்லோரும் கண்டோம். சாதனங்களைச் சுவரிலேயே அணைத்துவைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போடுகிற வழக்கம் அப்போது பல வீடுகளில் வந்தது. லோட் ஷெடிங் குறைந்தாலும் அந்த வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

மின்னலுக்கு வருவோம். வீட்டின் மேலேயே விழும் இடியை எந்த பிளக்காலும் தடுக்க முடியாது. அதன் மின்னோட்டம் பல்லாயிரம் ஆம்பியர். அருகில் விழும் இடிக்கு முதல் காவல் டிபி போர்டில் பொருத்தும் 'இரண்டாம் வகை' சர்ஜ் அரெஸ்டர், அதாவது பிளக்கின் வேலையை வீடு முழுவதற்கும் செய்யும் கருவி. பிளக் அதன் பின்னால் நிற்கும் இரண்டாம் காவல். அரெஸ்டரைப் பொருத்துகிறவர் கம்பியை எவ்வளவு நீளம் விடுகிறார் என்று நின்று பாருங்கள். மின்னல் பாய்ச்சலில் ஒரு மீட்டர் கம்பியே ஏறத்தாழ ஆயிரம் வோல்ட்டைக் கூட்டிவிடும் என்பதால், மொத்தம் அரை மீட்டருக்குள் முடிய வேண்டும். அழகாக வளைத்துச் சுருட்டிய நீளக் கம்பிகளோடு, இருந்தும் பயனற்ற அரெஸ்டர்கள் பலவற்றை மாற்றிப் பொருத்தியிருக்கிறேன்.

எர்த் சரியில்லாத வீட்டில் இவை எதுவும் முழுப் பயன் தராது. பழைய வீடுகளில், பின்னால் கட்டிச் சேர்த்த அறைகளின் சாக்கெட்டுகளில் எர்த் கம்பியே இல்லாமல் இருப்பதைக் காண்கிறேன். முப்பது மில்லி ஆம்பியரில் அறுக்கும் எர்த் லீக்கேஜ் என்னும் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதே என்பார்கள். அது உயிரைக் காப்பது, பாய்ச்சலைத் தடுப்பது அன்று. வீடு விற்கும்போது மட்டும் தேடுகிற மின் இணக்கச் சான்றிதழை (வீட்டு மின்வேலை சரி என்று தரும் சான்றை) இதற்காகவும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

மின்னல் பின்வாசல் வழியாகவும் வரும். கூடத்தில் விலையுயர்ந்த பிளக்கை மாட்டிவிட்டு, கூரை டிஷ்ஷிலிருந்து வரும் கம்பியை நேரே டிகோடரில் (டிவி பெட்டியில்) செருகியிருப்பார்கள். கேட் மோட்டார், இன்டர்காம், மின்வேலி ஆகியவற்றின் நீண்ட கம்பிகள் பாய்ச்சலை வாங்கி வீட்டுக்குள் கொண்டுவரும் கொடிகள். கோடையில் நான் மாற்றும் மின்சுற்று அட்டைகளில் அதிகம் கேட் மோட்டாருடையவைதாம். அவற்றில் சில மின்னலால் அல்லாமல், உள்ளே குடிபுகுந்த பல்லியால் கருகியவை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபைபர் இணையக் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதன் ரவுட்டர் சுவர் சாக்கெட்டில்தானே இருக்கிறது. சூரியத் தகடு வைத்தவர்களுக்குத் தகட்டுப் பக்கத்து நேர்மின்னோட்டத்துக்கென்றே செய்த தனி அரெஸ்டர் வேண்டும்.

பிளக் வாங்கும்போது, 'பாதுகாப்பு' என்று தனியே குறித்த விளக்கு உள்ளதா, லைவ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் இடையே காவல் உண்டு என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இவை இல்லாத மல்டிபிளக் வெறும் மல்டிபிளக்தான். இடி முழங்கும் ஓசை கேட்கும் முன்பே பிளக்கையும் டிஷ் கம்பியையும் பிடுங்கிவைப்பதற்கு ஈடான கருவி எதுவும் கடையில் இல்லை. இடி தலைக்கு மேல் வந்தபின் கம்பிகளைத் தொடாதீர்கள்.

ஆயா வீட்டு டிபி போர்டில் அரெஸ்டரும் ரிலேவும் வைத்து, கூடத்து சாக்கெட்டுக்கு எர்த்தும் இழுத்துக் கொடுத்தேன். அரெஸ்டரின் சிறு சாளரம் பச்சையாக இருந்தால் சரி, சிவப்பானால் என்னைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அடுத்த பிப்ரவரியில் ஒரு காலை கூப்பிட்டார்: "தம்பி, செவப்பாயிடுச்சு. டிவி ஓடுது." போய் அரெஸ்டரின் கழற்றி மாட்டும் கார்ட்ரிட்ஜை மாற்றிவிட்டு வந்தேன்.