அந்தத் துணுக்கு எங்கிருந்து வந்தது?

பக்கவாதம் வந்தவரின் மூளை ரத்தக்குழாயிலிருந்து உருவி எடுத்த ரத்தக்கட்டியைச் சலைனில் அலசி, வெள்ளைத் துணியில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் நாவல்பழத் தோலின் நிறத்தில், தொட்டால் குழைகிற மாதிரி இருக்கும். அன்று எடுத்தது அப்படியில்லை. வெளிறிப்போய், ரப்பர் போல விறைப்பாக, அரிசியளவில் இரண்டு துணுக்குகள்.

நோயாளிக்கு நாற்பது வயதுதான். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஈசிஜியும் சரியாக இருந்தது. துணுக்குகளை ஃபார்மலினில் போட்டு பயாப்ஸிக்கு அனுப்பினேன். நோய்க்குறியியல் மருத்துவர் போன் செய்தார்: "கட்டிக்குள்ள கிருமி கொத்துக்கொத்தா இருக்கு சார்."

வார்டுக்கு ஓடி நோயாளியின் மனைவியிடம் கேட்டேன். "மூணு வாரமா சாயங்காலம் ஆனா காய்ச்சல் வரும் டாக்டர். மாத்திரை போட்டா விட்டுடும்." சேர்க்கும்போது கை கால் வராததைப் பற்றித்தான் கேட்டோம், காய்ச்சலைக் கேட்கவில்லை. உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்ததில், இதய வால்வில் கிருமித்தொற்று திரண்டு ஆடிக்கொண்டிருந்தது. அதன் துண்டுதான் மூளைக்குப் போயிருக்கிறது. இந்த நிலையில் ரத்தத்தை இளக்கும் மருந்தை வழக்கம்போலத் தொடங்கினால் மூளைக்குள் ரத்தக்கசிவு வரலாம். அவருக்குத் தேவைப்பட்டது ஆறு வாரம் ரத்தநாளம் வழியாக ஏற்றும் ஆன்டிபயாடிக்.

2015இல் வெளியான ஆய்வுகளுக்குப் பிறகுதான், பெரிய ரத்தக்குழாய் அடைப்புக்கு மெல்லிய குழாயை நுழைத்துக் கட்டியை எடுக்கும் கதீட்டர் சிகிச்சை உலகெங்கும் நிலைபெற்றது. அதற்கு முன் உயிரோடிருக்கும் நோயாளியின் கட்டி நம் கைக்கு வருவதே அபூர்வம். அடைப்பால் வரும் பக்கவாதத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வழக்கமான பரிசோதனைகளில் காரணம் தெரிவதில்லை. அப்படியிருக்க, கையில் கிடைத்ததைக் குப்பைக்கூடையில் போடுவது எனக்குத் தாங்காது.

கட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சிவப்பணு மிகுந்ததா, ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் என்ற புரத இழையும் தட்டணுக்களும் மிகுந்ததா என்று சாயமேற்றிப் பார்க்கலாம்; ஆனால் அதை மட்டும் வைத்து இதயத்திலிருந்து வந்தது, கழுத்து ரத்தக்குழாயிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. கிருமி, புற்றுநோய்ச் செல், இதயத்தில் வளரும் மிக்ஸோமா கட்டியின் துணுக்கு இவை தெரிந்தால் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லை.

வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்தால், "எடுத்த கட்டியை டெஸ்டுக்கு அனுப்பினீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். சமீபத்துக் காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அந்த நோயாளி ஓபிக்கு வந்தபோது பேச்சில் லேசான குழறல் மிச்சமிருந்தது. மனைவி கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. தினமும் காலை, மாலை பார்த்த காய்ச்சலளவு, ஒரு நாள் விடாமல், தேதி போட்டு எழுதியிருந்தார்.